நீலமேகத்தின் மகளும் வாடகைப் பாத்திரங்களும்

மண்டபத்தூர் நீலமேகத்துக்குத் தன் தம்பி மேல் பொறாமை வரும் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் தெருவே சிரித்திருக்கும். தம்பி முத்துக்குமரனைப் பாவம் பார்ப்பதுதான் அவன் வழக்கம். பத்து வருடமாக அதை ஒரு கடமை போலவே செய்துவந்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. நீலமேகமும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பதினேழு வயதில் அவன் கடலுக்குப் போனான், நான் கல்லூரிக்குப் போனேன். இருபத்துநாலு வயதில் அவன் விசைப்படகை ஓட்டும் டிரைவர் ஆகிவிட்டான். அந்தப் பெருமையில் பத்தொன்பது வயதுத் தம்பியையும் படகில் ஏற்றினான். “நீ வாடா, நா இருக்கேன்ல” என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். நாலாவது தடவை கடலுக்குப் போனபோது, வலை இழுக்கும் வின்ச்சில் ரோப்பு சுற்றி, முத்துக்குமரனின் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. நீலமேகம் தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் படகை ஓட்டிக் கரைக்கு வந்தான்.

அதன் பிறகு முத்துக்குமரன் படகில் கால் வைக்கவில்லை. கோட்டுச்சேரி மெயின் ரோட்டில் ஒரு கடை பிடித்து, கல்யாணம் காதுகுத்துக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விட ஆரம்பித்தான். அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, ஆள் உயரத்துக்குக் கரண்டி என்று கடை முழுக்கப் பாத்திரம். எல்லா மூடியிலும் சிவப்புப் பெயிண்டால் ‘மு.கு.’ என்று எழுதியிருப்பான். நீலமேகம் ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பிக்குச் சட்டை எடுப்பான். வீட்டில் நல்ல மீன் வந்தால் முதல் துண்டு தம்பிக்கு. தம்பியோடு பேசும்போது மட்டும் அவன் குரல் தானாகத் தணிந்துவிடும்.

நீலமேகத்துக்குக் கல்யாணமாகி இனியா பிறந்தாள். மனைவி ஜெயப்ரியா கோட்டுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முத்துக்குமரனின் பாத்திரக் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளித்தான் அந்த மருந்துக்கடை. பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனதும் அவள் வேலைக்குத் திரும்பினாள். நீலமேகம் தங்கல் போகிறவன். ஒரு தடவை கிளம்பினால் ஏழெட்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வருவான். அதனால் பிள்ளையைக் காலையில் சித்தப்பா கடையில் விட்டுவிட்டு, இடையிடையே வந்து பால் கொடுத்து, சோறு ஊட்டி, சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவது ஜெயப்ரியாவின் வழக்கமாயிற்று. அதுவும் நீலமேகத்தின் யோசனைதான். “குமரு தனியா கெடக்கறான், அவனுக்கும் பொழுது போவும்” என்றான். அதிலும் தம்பியைப் பாவம் பார்த்தான்.

நீலமேகத்துக்கு மகள் என்றால் உயிர். துறைமுகத்தில் மீன் இறக்கியதும் குளித்துவிட்டு, காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொம்மை வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டான். சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் கரடி வாங்கினான். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளி வாங்கினான். விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் கார், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு யானை. கடலில் இருக்கும்போது அடுத்து என்ன வாங்கலாம் என்று கூட இருப்பவர்களைக் கேட்டுத் தொல்லை பண்ணுவான்.

பிள்ளை அவற்றைத் திரும்பிப் பார்க்காது. கரடி மேளம் அடித்தபோது அழுதது. கார் வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு காரைக் காலால் தள்ளிவிட்டது. அதற்கு வேண்டியதெல்லாம் டம்ளர், துணி கிளிப், இட்லித் தட்டு, மாவு சலிக்கும் சல்லடை, மண்ணெண்ணெய்ப் புனல். எல்லாவற்றுக்கும் மேலே, மூடி. எந்த மூடி கிடைத்தாலும் எடுத்து, எதன் மேலாவது வைத்துப் பார்க்கும். பொருந்தினால் கைதட்டும். பொருந்தாவிட்டால் அடுத்ததைத் தேடும்.

“இதெல்லாம் எங்க கத்துக்கிச்சி?” என்று ஒருநாள் கேட்டான்.

“தம்பி கடையிலதான்” என்றாள் ஜெயப்ரியா, துணி மடித்துக்கொண்டே. “பாத்திரமெல்லாம் திரும்பி வந்தா மூடி மாறிப்போயிருக்கும்ல, அவரு கொட்டி வச்சி ஜோடி சேப்பாரு. இவளும் கூட ஒக்காந்து சேப்பா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்தான். ஆனால் அது எங்கேயோ உறுத்தியது என்று பின்னால் என்னிடம் சொன்னான். தான் வாங்கிய யானை மூலையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, மகள் தம்பி கடை வித்தையைத் தன் வீட்டு அடுப்படியில் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடை வந்தது. அறுபத்தோரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் ஆண்கள் வலை தைப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், சீட்டாடுவார்கள். நீலமேகம் ஒரே ஒரு திட்டம்தான் வைத்திருந்தான். இந்த இரண்டு மாதமும் மகள் தன்னோடு. இனியாவுக்கு அப்போது பதினாறு மாதம். ‘அம்மா’ சொல்வாள். சித்தப்பாவை ‘தித்தா’ என்பாள். ‘அப்பா’ இன்னும் வரவில்லை.

முதல் நாள் காலை ஜெயப்ரியாவிடம், “இன்னிக்கு புள்ள எங்கூட இருக்கட்டும், நீ மட்டும் போ” என்றான்.

“அவ அழுவாங்க.”

“எம்புள்ள எங்கிட்ட ஏன் அழுவப்போவுது?”

ஒன்பதரை மணிக்கு, தினமும் அம்மாவோடு ஏறும் பஸ்ஸின் சத்தம் கேட்டதும் பிள்ளை வாசலைக் கைகாட்டியது. அவன் கிளியை எடுத்து ஆட்டினான். பிள்ளை கிளியைப் பிடுங்கி அவன் நெற்றியில் அடித்தது. யானை மேல் உட்காரவைத்தான். சறுக்கி இறங்கி வாசலுக்குத் தவழ்ந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளை, கோபம் வந்தால் மட்டும் தவழும். பன்னிரண்டு மணி வரைக்கும் தாக்குப்பிடித்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, அழுது சிவந்திருந்த பிள்ளையைப் பைக்கில் முன்னால் வைத்து ஓட்டிக்கொண்டு தம்பி கடைக்குப் போனான்.

கடை வாசலில் பைக் நின்றதும் பிள்ளை அவன் கையிலிருந்து பாயப் பார்த்தது.

“வாங்க மேஸ்திரி” என்றான் முத்துக்குமரன், பிள்ளையைப் பார்த்து. “இவ்வளவு லேட்டா வந்தா எப்படி? நெடுங்காட்டு லோடு வந்து கெடக்கு பாருங்க.”

பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி, கவிழ்த்துவைத்த தேக்சாவைத் தட்டியது. ஒரு மூடியை எடுத்து அதிலிருந்த சிவப்புப் பெயிண்ட் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தது. அதோடு அப்பா என்று ஒருவன் நிற்பதே மறந்துவிட்டது.

நீலமேகம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி என்ன மாயம் செய்கிறான் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைத்தான். தம்பி ஒன்றுமே செய்யவில்லை. கொஞ்சவில்லை, பாடவில்லை, முகத்தைக் கோணவில்லை. தன் பாட்டுக்குப் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்தான், எண்ணினான், அடுக்கினான். தன் கையில் என்ன இருந்ததோ அதைச் சிறிது நேரம் பிள்ளையிடம் கொடுப்பான், பிறகு திரும்ப வாங்கிக்கொள்வான். “அண்டா ஒண்ணு, தேக்சா ரெண்டு, ஜல்லிக்கரண்டி மூணு” என்று அவன் எண்ணும்போது பிள்ளையும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது.

பிறகு கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்க்குப் போக எழுந்தான் முத்துக்குமரன். பிள்ளையும் எழுந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டது. விரல் போன இடத்தில் இருக்கும் மேட்டை, அது தனக்கென்றே செய்துவைத்த கைப்பிடி மாதிரி, இறுகப் பற்றிக்கொண்டு நடந்தது.

நீலமேகம் பத்து வருடமாக அந்தக் கையை நேராகப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தான். பார்த்ததும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. குற்ற உணர்ச்சி இல்லை. அந்தக் கை மேல் பொறாமை. ‘கேவலமா இருந்திச்சிடா’ என்றான் என்னிடம். ‘ரெண்டு வெரல் போன கையப் பார்த்து ஒரு மனுசன் பொறாமைப்படுவானா?’

அதற்கப்புறம் அவனுக்கு எல்லாமே கண்ணில் பட்டது. ஜெயப்ரியா சோறு ஊட்ட வரும்போது தம்பிக்கும் ஒரு டப்பாவில் குழம்பு கொண்டுவருவது. பிள்ளைக்குப் பல் முளைத்ததை முதலில் பார்த்தவன் தம்பி. முதல் அடி எடுத்துவைத்ததும் பாத்திரக் கடையில், சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு. இதையெல்லாம் ஜெயப்ரியா முன்பே போனில் சொல்லியிருக்கிறாள், கடலில் இருந்தபடி கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறான். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து ஒவ்வொன்றும் குத்தியது.

மே மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு காதுகுத்து. பாத்திரம் முத்துக்குமரன் கடையிலிருந்துதான். வண்டியில் சாமான் வந்து இறங்கியபோது, இடுப்பில் பிள்ளையோடு முத்துக்குமரனும் இறங்கினான். பிள்ளையின் கையில் ஒரு அன்னக்கரண்டி. பந்தலில் நெடுங்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, “ஒங்க மகளா தம்பி? அப்படியே ஒங்க மூஞ்சி” என்று கேட்டார்.

முத்துக்குமரன் சிரித்தான். அண்ணன் மகள் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சமையல்காரர் கூப்பிட்டார், போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். நீலமேகமும் இருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, நான் பேச்சை மாற்றினேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

பந்தி முடிந்து முத்துக்குமரன் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தபோது நீலமேகம் போய் எதிரில் நின்றான்.

“குமரு, நாளையிலேருந்து புள்ள கடைக்கு வராது.”

“ஏண்ணே, என்னாச்சி?”

“கனமான சாமானா இருக்கு. மேல விழுந்தா?”

“நாந்தான் பக்கத்துலயே இருக்கேனே.”

“நீ இருந்து? அந்தக் கைய வச்சிக்கிட்டு ஓடற புள்ளய எப்படிடா புடிப்ப?”

பத்து வருடத்தில் அந்தக் கையைப் பற்றி அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. முத்துக்குமரன் பாத்திரங்களின் பக்கம் திரும்பினான். விட்ட இடத்திலிருந்து எண்ணப் பார்த்தான். எண்ணிக்கை தப்பிவிட்டது போல, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

பந்தலில் இருந்த ஜெயப்ரியாவுக்கும் அது கேட்டிருந்தது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, “நீங்க சொன்னது தப்புங்க. போயி மன்னிப்புக் கேளுங்க” என்று மட்டும் சொன்னாள். அவன் பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் போய் நின்று ‘தித்தா’ என்று கூப்பிட்டது. மூன்றாம் நாள் நீலமேகம் ஒரு முடிவுக்கு வந்தான். பிள்ளைக்குப் பாத்திரம்தானே பிடிக்கிறது, தம்பியிடம் இருப்பது கறுத்துப்போன பழைய சாமான், நாம் புதிதாகவே வாங்கிவிடுவோம். காரைக்கால் போய், பளபளவென்று எவர்சில்வர் சாமானாக ஒரு சாக்கு நிறைய வாங்கிவந்தான். சின்னச் சின்னக் கிண்ணம், கரண்டி, மூடி போட்ட டப்பா, வயிறு உப்பிக் கழுத்து குறுகிய ஒரு சின்னத் தவலை. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, நடுவில் பிள்ளையை உட்காரவைத்தான்.

அன்றைக்கு அது அவற்றைத் தொடவில்லை. மறுநாள் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தரையில் தட்டியது. அதற்கு மறுநாள் மத்தியானம், தூங்கி எழுந்து வந்து, தவலை முன்னால் உட்கார்ந்தது. உள்ளே கையைவிட்டது. ஒரு துணி கிளிப்பைப் போட்டது. கவிழ்த்தது. மறுபடி போட்டது. உள்ளே குனிந்து ‘ஓ’ என்றது. தவலையும் ‘ஓ’ என்றது. பிள்ளை சிரித்துவிட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

நீலமேகத்துக்கு அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. ஜெயப்ரியாவுக்கு போன் போட்டான். வீட்டுக்குள் சிக்னல் சரியாக இருக்காது என்று வாசல் பக்கம் இரண்டடி வந்து நின்றான்.

“வெளையாடறா ஜெயா! நான் வாங்கின தவலைய வச்சித்தான்! ஒரு மணி நேரமா அசையல. குமருகிட்ட சொல்லு. அவங்கடைக்குப் போவணும்னு ஒண்ணும் கெடையாது…”

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகைதான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால், பிள்ளையின் தோளுக்கு மேலே தலை இல்லை, தவலை இருந்தது.

ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தான். பிள்ளை வீரிட்டது. தவலையின் விளிம்பு தாடைக்குக் கீழே மாட்டியிருந்தது. மூச்சு விடுவதற்கு இடம் இருந்தது, தலை வெளியே வருவதற்கு இல்லை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்தார். நல்லெண்ணெய் கொண்டுவந்து இடுக்கில் ஊற்றினார். இருவரும் சேர்ந்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்கள். காது தடுத்தது. பிள்ளை உதைத்துக்கொண்டு துடித்தது.

“தம்பிக்கு போனப் போடு நீலமேகம்” என்றார் குஞ்சம்மாள். “பாத்திரக்காரனுக்குத் தெரியும், என்ன பண்ணணும்னு.”

அவன் போனை எடுத்தான். தம்பி பேர் திரையில் வந்தது. அழுத்தவில்லை.

“வேணாம்க்கா. நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்.”

தெருமுனையில் நின்ற ரஞ்சித்குமாரின் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறினான். மடியில் பிள்ளையைக் குறுக்காக வைத்து, தவலை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். “அம்மு, அம்மு, ஒண்ணுமில்லம்மா” என்பதைத் தவிர அவனுக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. அது பிள்ளைக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை. காரைக்காலுக்குப் போகும் வழியில்தான் கோட்டுச்சேரி. மெயின் ரோட்டில் தம்பி கடை போர்டு தூரத்தில் தெரிந்தது.

“நிறுத்தணுமா அண்ணே?” என்றான் ரஞ்சித்குமார்.

“நேரா போ.”

அப்போது அழுகை கொஞ்சம் அடங்கி, தவலைக்குள்ளிருந்து ஒரு வார்த்தை வந்தது. எவர்சில்வரில் பட்டு, அவன் உள்ளங்கை வழியாக அது அவனுக்குள் இறங்கியது.

“தித்தா.”

அம்மா என்று கூப்பிட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னான் நீலமேகம். “நிறுத்துடா!” என்று கத்தினான். ஆட்டோ கடையைத் தாண்டி நின்றது.

முத்துக்குமரனும் ஜெயப்ரியாவும் ஏற்கெனவே ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெயப்ரியாவுக்குப் போட்ட போனை அவன் துண்டிக்கவே இல்லை. குஞ்சம்மாள் சொன்னதும் அவன் ‘வேணாம்’ என்றதும், எல்லாமே ஜெயப்ரியாவுக்குக் கேட்டிருக்கிறது. அவள் அவனைப் பார்த்த பார்வையைப் பற்றி அவன் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

முத்துக்குமரன் தவலையைத் தொட்டுப் பார்த்தான், இழுக்கவில்லை. கழுத்தைச் சுற்றி விரலால் தடவி இடைவெளி பார்த்தான்.

“இழுக்கக் கூடாது. வெட்டித்தான் எடுக்கணும். எங்கிட்ட உள்ள கத்திரி இதுக்கு ஆவாது. ஃபயர் சர்வீஸ் போவோம், அவங்ககிட்ட ஆயுதம் இருக்கும். ரஞ்சித்து, எடு.”

ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து ஜெயப்ரியா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும். முத்துக்குமரன் தவலை விளிம்புக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கடையில் பேசும் அதே குரலில், “மேஸ்திரி, லோடு வந்திருக்கு. எண்ணுவோமா? அண்டா ஒண்ணு. தேக்சா ரெண்டு. ஜல்லிக்கரண்டி மூணு…” என்று சொல்ல ஆரம்பித்தான். பிள்ளையின் கால் உதைப்பது நின்றது. நாலு என்றபோது தவலை மெல்ல ஆடியது. உள்ளே தலையாட்டியிருக்கிறாள்.

‘நம்ப மாட்ட’ என்றான் நீலமேகம் என்னிடம். ‘புள்ள உயிருக்கு என்னாவுமோன்னு கெடக்கு. அப்பவும் எனக்கு வயிறு எரிஞ்சிது. எம்பேச்சுக்கு அடங்கல, அவம்பேச்சுக்கு அடங்குதேன்னு.’

தீயணைப்பு நிலையத்தில் வைத்தியலிங்கம் என்று ஒரு அலுவலர் இருந்தார். இப்படி இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்தவர் போல, பதறாமல் பெஞ்சில் ஒரு போர்வையை விரிக்கச் சொன்னார். ஈரத்துணியைக் கழுத்தைச் சுற்றி இடுக்கில் செருகினார். தகரம் வெட்டும் கத்திரி எடுத்தார்.

“ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்கணும், புள்ள அசையக் கூடாது. இன்னொருத்தர், நான் வெட்ட வெட்ட ஓரத்த வெளிய விரிச்சிப் புடிக்கணும். நல்ல பலமா.”

நீலமேகம் தம்பியைப் பார்த்தான். முத்துக்குமரன், “நீ புடிண்ணே” என்றான். “நான் பேசறேன்.”

கத்திரி ஒவ்வொரு அங்குலமாகப் போயிற்று. வெட்டிய ஓரத்தை நீலமேகம் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். வலை இழுத்துக் காய்ப்பேறிய கையையும் அந்தத் தகடு அறுத்தது. அவனுக்குத் தெரியவில்லை. போர்வையில் சிவப்பாகச் சொட்டியதைப் பார்த்து ஜெயப்ரியா அலறிவிட்டாள், பிள்ளைக்குத்தான் வெட்டு என்று நினைத்து. “என்னுதுதான், என்னுதுதான்” என்று அவன் கத்தினான். தம்பி எண்ணுவதை நிறுத்தவே இல்லை. அண்டா தேக்சாவெல்லாம் முடிந்து, தட்டு, டம்ளர், தண்ணி ஜக்கு வரைக்கும் வந்துவிட்டான்.

இருபது நிமிடத்தில் தவலை இரண்டாகப் பிளந்தது. உள்ளே எண்ணெயும் வியர்வையும் வழிய, சிவந்த முகத்தோடு இனியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தாள். ஜெயப்ரியா அவளை வாரி எடுத்து முகமெல்லாம் முத்தமிட்டாள். அழுது ஓய்ந்ததும், பிள்ளை அம்மா தோளிலிருந்து நிமிர்ந்தது. நீலமேகம் இரத்தம் வழியும் கையை நீட்டினான். முத்துக்குமரனும் நீட்டினான். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வைத்தியலிங்கத்தின் பக்கம் எட்டித் தாவியது. அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

“அட, இத வுடு தாயி! ஒன்னையும் தலையில மாட்டிக்கப் போற!” என்றார் அவர்.

நிலையத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை ஹெல்மெட்டின் வாரைச் சப்பியபடி அவர் தோளில் குடித்தனம் வைத்துவிட்டது. கூப்பிட்டால் அப்பாவிடமும் வரவில்லை, தித்தாவிடமும் வரவில்லை. நீட்டிய கைகளோடு அண்ணனும் தம்பியும் நின்றார்கள். நீலமேகம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். தம்பி முகத்தில் இருந்ததை அவனால் உடனே அடையாளம் காண முடிந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தன் முகத்தில் கண்ணாடியில் பார்த்ததுதான் அது.

ஆஸ்பத்திரியில் நீலமேகத்தின் கையில் நாலு தையல் போட்டார்கள். பிள்ளையைப் பரிசோதித்து, காதுக்குப் பின்னால் சிராய்ப்பு மட்டும்தான் என்று சொன்னார்கள். ஜெயப்ரியா பிள்ளையோடு உள்ளே இருக்க, இருவரும் வாசலில் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

“குமரு, அன்னிக்கி நான் கையப் பத்திப் பேசினது…”

“வலிச்சிதுண்ணே. இல்லன்னு சொல்லமாட்டேன்.”

“எனக்கு ஒம்மேல பொறாமைடா.” சொல்லிவிட்டு டீயைப் பார்த்தான். “புள்ள ஒன்னத்தான் தேடுது. பொறுக்க முடியல. அதுதான் அப்படிப் பேசிட்டேன்.”

முத்துக்குமரன் டம்ளரை இறக்கினான். “எம்மேலயா? பொறாமையா?”

“ஆமா.”

“நெசமா?”

“அட, ஆமான்றேன்ல.”

முத்துக்குமரன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியாமல் டீ சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தான். நீலமேகத்துக்குக் கோபம் வந்தது.

“என்னடா சிரிப்பு?”

“இல்லண்ணே. பத்து வருசமா எல்லாரும் என்னப் பாவம்தான் பாத்தாங்க. நீதான் அதுல மொத ஆளு. பொங்கலுக்கு சட்டை எடுத்துக்குடுத்துட்டு, அத நான் எந்தக் கையால வாங்குறேன்னு பார்க்காம மூஞ்சத் திருப்பிக்குவியே, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கும். ஒரு ஆளு எம்மேல பொறாமைப்பட்டான்னு இன்னிக்குத்தான் கேக்குறேன். அதுவும் நீ.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நல்லாருக்குண்ணே. செத்த நேரம் இப்படியே பொறாமைப்படு.”

நீலமேகம் தம்பியின் இடது கையைப் பிடித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, விட்டான்.

தடை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. மறுநாளிலிருந்து பிள்ளை கடைக்குப் போயிற்று, கூடவே நீலமேகமும் போனான். கையில் கட்டு இருந்ததால் பாத்திரம் தேய்க்க விடவில்லை. எண்ணுவதும் அடுக்குவதும் அவன் வேலை. தம்பி சொல்லிக்கொடுத்தபடி, கொஞ்சுவதை விட்டான். தன் கையில் இருப்பதைக் கொடுப்பான், திரும்ப வாங்கிக்கொள்வான். ஒரு வாரம் கழித்து பிள்ளை தானாக ஒரு மூடியை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தது. அது தேக்சாவுக்குப் பொருந்தாத மூடி. அவன் அதைக் கீழே வைக்கவே மாட்டேன் என்று சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ‘தித்தா’ என்றால் இன்றைக்கும் அவன் முகம் சுருங்கும். ஆனால் இப்போது அதை மறைப்பதில்லை. “டேய், இன்னிக்கும் எரிஞ்சிது” என்று தம்பியிடமே சொல்லிவிடுவான். முத்துக்குமரன் அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் குஷியாகிவிடுவான்.

ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போயின. முதல் தங்கல் முடிந்து எட்டாம் நாள் நீலமேகம் கரைக்கு வந்தான். பொம்மைக் கடைப் பக்கம் போகவில்லை, நேராக வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது பிள்ளை அவனைச் சும்மா பார்த்தது. ஓடிவரவில்லை. அவனும் கையை நீட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

அடுத்த தடவை கிளம்பும் அன்று காலையில் வாசலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. நாய் தூக்கிப்போயிருக்கும் என்று தெருவெல்லாம் தேடினான். நானும் சேர்ந்து தேடினேன். பிறகு ஜெயப்ரியா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அரிசி டிரம்முக்குப் பின்னால், சுவரோரமாகச் செருப்பைத் தலைகீழாக வைத்து, அதன் மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அவன் குனிந்து எடுக்கப் போனால் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கத்தியது. டம்ளர் கொடுத்துப் பார்த்தார்கள், சல்லடை கொடுத்துப் பார்த்தார்கள், எதற்கும் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீலமேகம் அந்தச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டான். வெறுங்காலோடு தெருவில் நடந்து போகும்போதே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டான்.

“குமரு, எஞ்செருப்ப எடுத்து ஒளிச்சி வச்சிக்கிட்டா. குடுக்கவே மாட்டேங்கறா. ஒன்னோடத எப்பவாவது எடுத்திருக்காளாடா?”

அந்தப் பக்கம் பாத்திரம் அடுக்கும் சத்தம் நின்றது.

“இல்லண்ணே” என்றான் முத்துக்குமரன்.